ஈர மண்ணில் வாடிய நாரத்தை

2023 மார்ச், ஹோலி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. மொட்டைமாடிக்குப் போனால் என் நாரத்தை மரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. காலை பத்து மணிதான். பதினைந்து நாளுக்கு முன் விட்ட இளந்தளிர்கள் துவண்டிருந்தன. பழைய இலைகள் நடுநரம்பை ஒட்டி உள்பக்கமாக மடங்கியிருந்தன. பார்த்த யாரும் தாகம் என்றுதான் சொல்வார்கள். தொட்டி மண்ணில் விரலை விட்டேன். இரண்டு கணு ஆழத்துக்குச் சொதசொதவென்று ஈரம்.

பக்கத்து பிளாக்கில் செடிகளுக்குத் தண்ணீர் விட வரும் மாலி எட்டிப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறிவிட்டது மேடம்ஜி, இனிமேல் இரண்டு வேளை ஊற்றுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். வாளியை எடுத்தும் விட்டேன். ஆனால் ஈரத்தின் மேல் ஈரம் ஊற்றக் கை வரவில்லை. மன்னார்குடிக்கு, அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "மண்ணு ஈரமா இருக்குன்னு நீயே சொல்றே. அப்புறம் எதுக்குடீ ஜலம்? குடிக்கிற வாய் கெட்டுப்போயிருக்கும். வேரைப் பாரு."

அந்த மரம் பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி என்று சொன்னால் மிகையில்லை. 2016-இல் அம்மா வீட்டுக் கொல்லையில் விழுந்த ஒரு நார்த்தங்காயின் விதை அது. அடுத்த வருடம் ஒரு சாண் கன்றாக, பிஸ்கட் டின்னில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் என் மடியிலேயே டெல்லிக்கு வந்தது. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பின் மாடியில் மண்தொட்டிக்கு மேல் மண்தொட்டியாக மாற்றி, கடைசியில் பதினான்கு அங்குலத் தொட்டியில் என் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. காய்க்காவிட்டால் என்ன, இலை இருந்தது. நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் நரம்பு கிள்ளி, காய்ந்த மிளகாய், பெருங்காயம், ஓமம், உப்பு, புளி வைத்து இடித்து உருட்டினால் வேப்பிலைக்கட்டி. மோர்சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொள்ளும்போது இந்த ஊரில் நான் தனியாக இருப்பதாகத் தோன்றாது.

மரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தேடிப் பின்னால் போனால், இரண்டு மாதம் முந்தைய ஒரு காலையில் போய் நிற்கிறேன். 2023 ஜனவரி 16, கனுப் பொங்கல். மலைமந்திர் முருகன் கோயில் பக்கத்தில் வாங்கிய மஞ்சள் இலையில், காக்கை குருவிக்குக் கனுப்பிடிச் சோற்றுருண்டை வைக்க விடிந்ததும் மாடிக்கு ஏறினேன். விரல் விறைத்தது. அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பம் 1.4 டிகிரி என்று பிறகு தெரிந்தது. பிடி வைத்து முடித்ததும் மனம் நிறைந்திருந்தது. பண்டிகை நாளில் மரமும் குளிக்கட்டும் என்று, மாடித் தொட்டிக் குழாயிலிருந்து பனிக்கட்டி மாதிரி வந்த தண்ணீரை ஒரு முழு வாளி அதன் காலடியில் ஊற்றினேன். மூடுபனியில் ஏற்கெனவே காயாமல் கிடந்த மண் அது. இலையெல்லாம் பளபளவென்று கரும்பச்சையாக இருந்தது. ஒரு குறையும் கண்ணில் படவில்லை.

குளிரில் வேர் அடிபடுவதன் பெரிய கஷ்டமே இதுதான். அடி விழும் நாளில் மேலே ஒன்றும் தெரியாது.

தரையில் நிற்கும் மரத்துக்குப் பூமியே போர்வை. மேலே காற்று 2 டிகிரிக்கு இறங்கினாலும் ஒரு சாண் ஆழத்தில் மண் அவ்வளவு சில்லிடாது. தொட்டியில் நாலு பக்கமும் அடியும் காற்றுக்கும் சிமென்ட் தளத்துக்கும் திறந்து கிடக்கின்றன. ஒரே இரவில் மண்ணின் சூடு மொத்தமும் போய்விடும். அதிலும் மண்தொட்டி, பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணத்தால், சுவர் வழியாக ஈரம் ஆவியாகி இன்னும் குளிர்ந்துபோகிறது. கோடையில் வரம். டெல்லி ஜனவரியில் அதுவே எதிரி. போதாக்குறைக்கு, தொட்டி மரத்தின் சல்லிவேர்கள் எல்லாம் சுவரை ஒட்டித்தான் பின்னிக்கொண்டிருக்கும். மிகக் குளிரான இடத்தில் மிக மென்மையான வேர்.

எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் வேர் மண் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனால் வளர்வதை நிறுத்திவிடும். நீரை உறிஞ்சும் வேகமும் வெகுவாகக் குறையும். தண்ணீரே குளிரில் கெட்டிப்படுகிறது: 25 டிகிரியில் இருப்பதைவிட 5 டிகிரியில் அதன் பிசுப்பு கிட்டத்தட்ட 1.7 மடங்கு. வேரின் செல்சவ்வுகளும் விறைத்து நீரை உள்ளே விடத் தயங்குகின்றன. அதனால் ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே நிற்கிறது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் நீர் பிடித்துக்கொள்ள, வேர் மூச்சுத் திணறுகிறது. அடிபட்ட, மூச்சுத் திணறும் வேரில் பிதியம், பைட்டோப்தோரா மாதிரியான நீர்ப்பூஞ்சைகள் எளிதாக இறங்கிவிடும். அவற்றின் வித்துகள் மண்ணிலுள்ள நீரில் நீந்திப் போகக்கூடியவை. நான் கனுவன்று ஊற்றியது அவற்றுக்குப் போட்ட வாய்க்கால்.

அதற்குப்பின் வந்த பிப்ரவரி இன்னொரு விதத்தில் கெட்டது. 1901-இலிருந்து உள்ள கணக்கில், இந்தியா முழுமைக்கும் சராசரிப் பகல் வெப்பம் அதற்குமுன் எந்தப் பிப்ரவரியிலும் அவ்வளவு இருந்ததில்லை. மரம் வசந்தம் என்று நம்பிவிட்டது. தண்டிலும் கிளையிலும் சேர்த்துவைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்துத் தளிர் விட்டது. ஏழு வருடத்தில் முதல்முறையாக மொட்டும் கட்டியது. நான் ஆனந்தப்பட்டுக் கொழுந்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கீழே பாதி வேர் செத்துக் கிடந்தது இருவருக்கும் தெரியாது. மேலே இலை கேட்கும் நீரைக் கொடுக்க வேர் இல்லாமல் போன நாளில் வாட்டம் தெரிந்தது. தண்ணீர் இல்லாத வாட்டமும் வேர் இல்லாத வாட்டமும் இலையில் ஒரே மாதிரிதான் இருக்கும். மண்ணைத் தொட்டால் மட்டுமே வித்தியாசம் தெரியும். இந்த ஊரில் எத்தனையோ மாடிகளில் குளிர் தாண்டிப் பிழைத்த மரங்கள் ஏப்ரலில் அன்பான கைகள் ஊற்றும் தண்ணீரால் சாகின்றன என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் பழைய புடவை ஒன்றை விரித்து, தொட்டியைச் சாய்த்து, இவர் தண்டைப் பிடித்துக்கொள்ள, சுவரோரம் கத்தி விட்டு மரத்தை வெளியே எடுத்தோம். சாக்கடை வாடை அடித்தது. அப்போதே தெரிந்துவிட்டது. சுவரை ஒட்டிய வேர்வளையம் முழுக்க, அதுவும் வடமேற்குக் காற்று அடிக்கும் பக்கத்தில், பழுப்பாகக் கூழாகியிருந்தது. ஒரு சல்லிவேரை இரண்டு விரலால் மெல்ல இழுத்தேன். மேல்தோல் உறைமாதிரி கழன்று விரலோடு வந்துவிட, நடுவில் நூல் மட்டும் மிஞ்சியது. எலுமிச்சை வகையில் வேரழுகலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நல்ல வேர் அப்படிக் கழலாது. சந்தன நிறத்தில், நகத்தால் அழுத்தினால் திண்ணென்று இருக்கும். தண்டுக்கு அருகே, மண்ணுருண்டையின் நடுவில், அப்படிப்பட்ட வேர் ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

கெட்ட வாடை அடித்த மண்ணை விரலால் உதிர்த்தேன். நல்ல வேரைச் சுற்றியிருந்த மண்ணைத் தொடவில்லை. குழாயடியில் வைத்துக் கழுவவும் இல்லை. மிச்சமிருக்கும் வேர்த்தூவிகளையும் பிய்த்துக்கொண்டு போகும். கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து, செத்த வேரை உயிருள்ள இடம் வரும்வரை வெட்டினேன். வெட்டுவாய் வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும்.

மேலே எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. வேர் பாதி போனால் கிளையும் பாதி போகவேண்டும் என்றார் மாலி. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் செய்யவில்லை, இன்னொரு முறை வந்தாலும் செய்யமாட்டேன். புது வேர் எதிலிருந்து வரும்? இலை சமைக்கும் சர்க்கரையிலிருந்து. வேர்விடச் சொல்லும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளும் நுனிமொட்டிலும் இளம் இலையிலும் உண்டாகித்தான் கீழே இறங்குகிறது. இலையை வெட்டிவிட்டு வேரை எதிர்பார்ப்பது, அடுப்பை அணைத்துவிட்டுச் சோற்றுக்குக் காத்திருப்பது. சந்தேகமான குச்சிகளை மட்டும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தோலுக்கடியில் பச்சை இருந்தால் விட்டேன், வைக்கோல் நிறம் என்றால் பச்சை வரும் இடம்வரை வெட்டினேன். மொட்டுகளை மட்டும் ஒன்றுவிடாமல் கிள்ளினேன். பூவும் பிஞ்சும் வந்தால் இருக்கிற சத்தை அவை வாங்கிக்கொண்டுவிடும். ஏழு வருடம் காத்திருந்து வந்த பதினொரு மொட்டு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெள்ளையில் ஊதா ஓடிய மொட்டுகள், கை முழுக்க வாசனை.

பழைய தொட்டிக்கே திருப்பி வைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வேர் குறைந்த மரத்துக்குச் சின்னத் தொட்டிதான் வேண்டும். வேர் எட்டாத மண்ணிலிருந்து தண்ணீரை எடுப்பார் இல்லை. அது அப்படியே புளித்துக் கிடந்து மறுபடி அழுகலைக் கொண்டுவரும். பத்து அங்குலத் தொட்டி எடுத்தேன். கட்டட வேலைக்கு இங்கே பதர்பூர் என்று ஒரு பருமணல் விற்பார்கள். அதைச் சலித்து, தூசி போகக் கழுவிப் பாதி. மீதியில் தேங்காய்நார்த் தூள் பெரும்பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி. அடியில் ஓட்டை மேல் வளைந்த ஓட்டாஞ்சில்லு ஒன்று, அவ்வளவுதான். ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது தவறான பழக்கம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடித்துப் பாருங்கள், சொட்டுவது நின்ற பின்னும் அடிப்பக்கம் நீர் தங்கியிருக்கும். தொட்டி மண்ணிலும் அப்படி ஒரு நீர்ப்படலம் அடியில் தங்கும். ஜல்லி போட்டால் அது ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் கிட்டே ஏறி நிற்கும்.

மரம் ஆடாமல் இருக்க ஒரு மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டினேன். காற்றில் தண்டு ஆடினால் புதுவேரின் நுனி ஒவ்வொரு முறையும் அறுபடும். ஒருமுறை அடிவரை வடிய நீர் விட்டேன். அதற்குப்பின் ஒன்பது நாள் ஒரு சொட்டு விடவில்லை. உரமும் கிடையாது. புண்ணாக்கு, யூரியா எதுவும் அந்த நிலையில் புண்ணில் உப்பு மாதிரி. ஒரு நர்சரியில் வேர் ஊக்கி என்று ஏதோ பொட்டலம் கொடுத்தார்கள், பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

மாடியிலிருந்து இறக்கி எங்கள் கிழக்குப் பால்கனிக்குக் கொண்டுவந்தோம். காலை ஒன்றரை மணி நேரம் இளவெயில், பிறகு நிழல். டிரைகிளீனிங் கடையில் பட்டுப்புடவைக்குப் போட்டுத் தரும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறையைக் கிளைகள் மேல் தளர்வாகப் போர்த்தினேன். வேரால் கொடுக்கமுடியாத நீரை இலை இழக்காமல் இருக்க உள்ளே ஈரக்காற்று வேண்டும். வெயில் படும் நேரத்தில் அதை எடுத்துவிட வேண்டும், மறந்தால் இலை வெந்துவிடும். அலாரம் வைத்துக்கொண்டு எடுத்தேன்.

அப்புறம் ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஐந்து வாரத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். தினமும் இரண்டு மூன்று இலை உதிரும். பார்க்கும்போதெல்லாம் எதையாவது செய்யச் சொல்லும் மனசு. நான் செய்தது இரண்டே இரண்டு. துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி மண்ணில் அடிவரை குத்தி, கால்மணி கழித்து எடுத்துப் பார்ப்பேன். ஈர்க்கின் கீழ்ப்பாதி கறுத்திருந்தால் தண்ணீர் கிடையாது. பிறகு தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பேன். எடை மனசில் பதிந்துபோயிற்று.

அந்த எடைதான் முதல் நல்ல செய்தி சொன்னது. ஆரம்பத்தில் ஒருமுறை ஊற்றினால் தொட்டி லேசாவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஏப்ரல் பாதியில் ஆறு நாள். மூன்றாம் வாரம் நாலே நாள். வெயில் கூடியதும் ஒரு காரணம்தான். ஆனால் பக்கத்தில் செடியில்லாமல் அதே மண் நிரப்பி வைத்திருந்த தொட்டி அவ்வளவு வேகமாகக் காயவில்லை. யாரோ குடிக்கிறார்கள்! தளிர் வருவதற்குப் பத்துநாள் முன்பே எனக்கு அது தெரிந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்து, "தொட்டி லேசாயிடுத்தும்மா" என்றேன். அவளுக்குப் புரிந்தது.

டெல்லியில் குளிரில் அடிபட்ட மரத்துக்கு ஹோலிக்கும் லூ என்கிற கோடை அனல்காற்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஆயுசு. அதற்குள் வேர்பிடித்தாக வேண்டும். எனக்கு அந்த வருடம் வானமும் கைகொடுத்தது. 2023 மே டெல்லியில் 36 வருடத்தில் இல்லாத அளவுக்குக் குளிர்ந்த மே, மழைமேல் மழை. பால்கனியில் கூரைக்கு அடியில் இருந்ததால் மழை தொட்டியில் விழாமல், ஈரக்காற்று மட்டும் இலைக்குக் கிடைத்தது. வழக்கமான மே மாதமாக இருந்திருந்தால் மரம் தாங்கியிருக்குமா என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. வேர் செத்த வடமேற்குப் பக்கத்துக் கிளை ஒன்று அதற்குப் பிறகும் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. ஜூலையில் அதை அடியோடு எடுக்கவேண்டியிருந்தது. புது இலைகள் நரம்பு பச்சை, நடுவெல்லாம் மஞ்சளாக வந்தன. எங்கள் குழாயில் வரும் உப்புத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கியதால் வந்த இரும்புச்சத்துக் குறை. வேர் எளிதாக எடுத்துக்கொள்ளும் செலேட் வடிவ இரும்பைக் கொடுத்துச் சரிசெய்தேன். இலைகள் முற்றித் தடித்த பிறகுதான் முதல் உரம், அதுவும் பாக்கெட்டில் போட்டிருந்த அளவில் கால்பங்கு.

கறிவேப்பிலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இந்த ஊர்க் குளிரில் இலை கொட்டிவிட்டு நிற்பது சகஜம், இலை போனதாலேயே மரம் போனதாக நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம். சுரண்டிப் பாருங்கள். தண்டு காய்ந்தாலும் வேரிலிருந்து கன்று வெடிக்கும் ஜாதி அது. ஏப்ரல் முடியும்வரை பொறுக்கலாம்.

அந்த வருடக் குளிருக்கு ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஜனவரியில் ஒரு காலை ஏழரை மணிக்கு மாடியில் இருந்த ஒரு காலித்தொட்டி மண்ணில் குத்தினேன், 5 காட்டியது. அதே நேரம் காலனிப் பூங்காவின் பாத்தியில் 12. என் நாரத்தையைப் பெரிய தொட்டி ஒன்றுக்குள் தொட்டியோடு இறக்கி, நடுவில் காய்ந்த அரசிலையைத் திணித்து, வெளியே இரண்டு சுற்றுச் சாக்குக் கட்டி, செங்கல் மேல் தூக்கி, தெற்குச் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். அதில் 10. ஐந்து டிகிரி வித்தியாசம், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பனிமூட்டம் விலகிச் சுள்ளென்று வெயில் வரும் மதியங்களில் மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுவேன். இலை வெயிலில் சூடாகி நீர் கேட்க, வேர் குளிரில் உறங்கினால் எலுமிச்சை வகை மரங்கள் பச்சை இலையையே பொலபொலவென்று உதிர்த்துவிடும். தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, மதியம், அறைச்சூட்டுக்கு வந்த தண்ணீராக, இரண்டே டம்ளர்.

2024 மார்ச்சில் மறுபடி மொட்டு வந்தது. அம்மா இரண்டு பிஞ்சு விடச் சொன்னாள். மே 29, சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி அடித்த வாரத்தில் ஒன்று விழுந்துவிட்டது. மற்றது நின்றது. நவம்பரில் மன்னார்குடி போனபோது ஈரத்துணியில் சுற்றிக் கொஞ்சம் இலை எடுத்துப் போனேன். அம்மா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்மாத்து வாசனைதான்" என்றாள். அன்று மத்தியானமே உரலில் இடித்தோம்.

இப்போது மறுபடி ஜனவரி. காய் மஞ்சள் திரும்பத் தொடங்கியிருக்கிறது, பறிக்க இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்குக் கனு. மஞ்சள் இலை வாங்கி வைத்துவிட்டேன். இன்று காலை மண்ணில் 9 காட்டியது. ஈர்க்கு பாதிவரை கறுத்து வந்தது. தண்ணீர் விடவில்லை.